சாயில் என்ற சொல்லும் சவுரிராயன் சுவரும்

சவுரிராயனுக்கு வேண்டியிருந்தது மண். பொன் இல்லை, பூமி இல்லை, கூலியில் காலணா கூடுதல்கூட இல்லை. ஒரு சுவர் எழுப்பக் கொஞ்சம் மண். உலகத்தில் எது கிடைக்காமல் போனாலும் மண் கிடைக்காமல் போகாது என்று நம்பிக்கொண்டிருந்தான் அந்த அப்பாவி. அந்த நம்பிக்கையைக் கெடுப்பதற்கென்றே திண்டிவனத்தில் படித்தவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்திருந்தார்கள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது. திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற பாதையில், ஊர் முடிந்து ஏரிக்கரை தொடங்குகிற இடத்தில் அவனுடைய சேரி இருந்தது. போன கார்த்திகையில் விடாமல் பெய்த மழையில் அவன் வீட்டின் மேற்குச் சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வாரம்தான் அவன் மகள் மதலேன் அங்கே தன் முதல் பிள்ளையைப் பெற்றிருந்தாள். சுவர் இருந்த இடத்தில் ஓலைத் தட்டியைக் கட்டினார்கள், கோணியைத் தொங்கவிட்டார்கள். சாரல் அதையெல்லாம் மதிக்கவில்லை. பிள்ளை ஜன்னி கண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு சவுரிராயனின் மனைவி லூர்துமேரி அந்தத் தட்டிப் பக்கம் தலை வைத்துப் படுக்கவே இல்லை.

இப்போது மதலேன் மறுபடி முழுகாமல் இருந்தாள். விக்கிரவாண்டியில் புருஷன் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஐப்பசிக் கடைசியில் பேறு என்று கணக்கு. தாய் வீட்டுக்குத்தான் அழைத்து வர வேண்டும்.

"மழைக்கு முன்ன செவுரு எழும்பணும்யா. இல்லேன்னா எம்பொண்ண நான் இன்னா மூஞ்சிய வச்சிகினு கூப்புடுவேன்?" என்றாள் லூர்துமேரி.

நியாயமான கேள்விதான். பதிலும் பக்கத்திலேயே இருந்தது. சித்திரை பிறந்தால் ஏரி வற்றிவிடும். ஏரி மண் பிசுபிசுப்பானது, மிதித்துக் குழைத்து அடுக்கினால் சுவர் கல் மாதிரி நிற்கும். நிலம் வைத்திருக்கிறவர்கள் வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் கொல்லையில் கொட்டுவார்கள். சேரிக்காரர்கள் கூடை கூடையாக எடுத்து வந்து சுவரைப் பூசிக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை. ஏரியும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் பார்த்துத் தண்டோரா போட்டார்கள். ஏரி கமிட்டியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் இனி யாரும் ஏரிக்குள் கூடை இறக்கக் கூடாதாம். மேலிடத்து உத்தரவாம். மறுநாளே சேரியில் ஒருவன் பழைய வழக்கப்படி நாலு கூடை அள்ளப் போய்ப் பிடிபட்டான். அவனை ஏரி மதகில் பகல் முழுக்கக் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சவுரிராயன், ரயிலடியில் மனு எழுதிப் பிழைக்கிற ஆதிநாத நயினாரிடம் போய் ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு, ஏரி கமிட்டித் தலைவர் ராவ் பகதூர் சக்கரபாணியின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

ராவ் பகதூர் மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு மேலிடத்து உத்தரவை எடுத்து அதையும் படித்தார். அந்த உத்தரவு இங்கிலீஷில் இருந்தது. அதில் மண்ணுக்குச் 'சாயில்' என்ற சொல் போட்டிருந்தது.

"சவுரி, இதிலே ஒரு சிக்கல் இருக்கிறதடா. உனக்கு வேண்டியது மண். உத்தரவு தடுக்கிறது சாயில். மண்தான் சாயிலா, சாயில்தான் மண்ணா என்று தெரியாமல் நான் எப்படி அனுமதி கொடுப்பேன்? அர்த்தம் தெரியாமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது."

அவர் அதுவரை போட்ட கையெழுத்துக்களைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். சவுரிராயன் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மண்ணு மண்ணுதாங்களே ஆண்டே, என்று மட்டும் சொன்னான். அப்படி நினைப்பதுதான் பாமரத்தனம் என்று ராவ் பகதூர் அவனுக்கு விளக்கினார். சொல்லின் மூலத்தை விசாரிக்க வேண்டும், அதற்கு ஊரில் ஒரு சங்கம் இருப்பது அவனுடைய அதிர்ஷ்டம் என்றார்.

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஜில்லாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ராவ் பகதூர் வாசித்த வரவேற்புரையைக் கேட்டுவிட்டு, இந்த மாதிரி இங்கிலீஷை நான் இங்கிலாந்தில் எங்குமே கேட்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராவ் பகதூர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இங்கிலீஷ் பாஷையைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்து, 'திண்டிவனம் ஆங்கிலச் சொல் மூலவிசாரணைச் சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்து, தேரடிக்குப் போகிற தெருவில் அதற்கு ஒரு கூடமும் கட்டினார். வருஷத்துக்கு ஒரு இங்கிலீஷ் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எந்த பாஷையில் பிறந்து எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து, முடிவில் மகாசபை கூட்டித் தீர்ப்புச் சொல்லுவார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் நிலமோ வக்கீல் சன்னதோ உள்ளவர்கள்.

போன வருஷத்துச் சொல் 'டிபன்'. அந்த வருஷம்தான் சங்கம் ஒரு முக்கியமான விதியை ஏற்படுத்திக்கொண்டது. பொருளைக் கண்ணால் காணாமல் சொல்லைப் பற்றி விசாரிக்கக் கூடாது, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் முன்னால் அந்தப் பொருளின் மாதிரி வைக்கப்பட வேண்டும் என்பது விதி. டிபன் விசாரணை நீண்டுகொண்டே போனது. போளி, வடை, கேசரி என்று பல கோணங்களில் ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டத்துக்குக்கூட யாரும் வராமல் இருந்ததில்லை.

ராவ் பகதூர் உடனே காரியத்தில் இறங்கினார். ஏரி கமிட்டித் தலைவர் என்ற முறையில், சங்கத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சங்கத் தலைவரும் அவர்தான். வெள்ளைத் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சரிகைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, எதிர் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, கடிதத்தைப் பிரித்துப் படித்து, விஷயம் மிகவும் சுவாரசியமாக இருக்கிறது, பரிசீலிக்கப்படும் என்று பதில் எழுதினார். அந்தப் பதில் தபாலில் வரட்டும், அதுதான் முறை என்று சவுரிராயனைப் போகச் சொன்னார்.

சவுரிராயன் போகத் திரும்பினான். அப்போது தெருவில் மண் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் ராவ் பகதூருடைய வண்டிகள், எல்லாம் ஏரி மண். அவன் நின்று அந்த வண்டிகளையே பார்த்தான். ராவ் பகதூருக்கு அது போதுமாயிருந்தது.

"அது வண்டல்டா. தமிழ்ச் சொல். உத்தரவு இங்கிலீஷ் சொல்லுக்குத்தான்" என்றார்.

முதல் கூட்டத்துக்கே சவுரிராயனுக்கு ஆள் வந்தது. விதிப்படி மாதிரி வைக்க வேண்டும் அல்லவா? சொல்லைக் கிளப்பியவன் அவன், ஆகையால் மாதிரி கொண்டுவர வேண்டியவனும் அவன். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கூடை ஏரி மண் சுமந்து வரச் சொன்னார்கள். ஏரிக்குள் கூடை இறக்கினால் மதகில் கட்டுவார்களே என்று அவன் பயந்தான். மாதிரிக்கு அனுமதி வேண்டியதில்லை, அது அறிவுக்காக எடுப்பது, வீட்டுக்காக எடுப்பதுதான் குற்றம் என்று சங்கத்தின் காரியதரிசி வக்கீல் பாண்டுரங்கன் அவனுக்குத் தைரியம் சொன்னார். கூலி பற்றிக் கேட்டபோது, அறிவுக்குக் கூலி ஏது என்றார்.

அவன் சுமந்தான். லூர்துமேரியும் சுமந்தாள். கூட்டம் முடிந்த பிறகு மண்ணைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டான். கூடாது, அது சங்கத்தின் சாட்சிப் பொருள், தீர்ப்பு வரும்வரை அசையக் கூடாது என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு அதே மண்ணை வைக்கலாமே என்று லூர்துமேரி கேட்டாள். பழைய டிபனை மறு கூட்டத்துக்கு வைத்ததாகச் சங்கத்தின் சரித்திரத்திலேயே இல்லை என்று பதில் வந்தது.

இப்படியாக வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது மண். கூடத்தின் பின்பகுதியில் பழைய மண் குவிந்துகொண்டே வந்தது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார்கள், சிறிது நேரத்தில் அது யோசனை இல்லை என்று குறட்டை காட்டிக் கொடுத்துவிடும்.

ஆடியில் விழுப்புரத்திலிருந்து நிபுணர் வந்தார். பெயர் விருத்தாசலம். எங்கேயோ காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்று, ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர். ரயிலில் மேல் வகுப்பில் வந்து இறங்கினார். அவருடைய அகராதிகள் ஒரு தனிக் கட்டை வண்டியில் வந்தன. அதையும் சவுரிராயன்தான் இறக்கி வைத்தான்.

நிபுணர் சாயில் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். இங்கிலீஷிலிருந்து பிரெஞ்சுக்குப் போனார். அங்கிருந்து லத்தீனுக்குப் போனார். லத்தீனில் 'சோலியம்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்கு ஆசனம், சிம்மாசனம் என்று பொருள், அதுதான் நடந்து தேய்ந்து சாயில் ஆகியிருக்கிறது என்று கண்டு சொன்னார். தரை என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் சொல்லும் வழியில் வந்து ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்ல வந்தார். அதற்குள் ராவ் பகதூர் எழுந்து நின்றுவிட்டார். அவர் அன்று பேசிய பேச்சைச் சங்கத்தார் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

"மகாஜனங்களே, நான் வெகு காலமாகச் சந்தேகப்பட்டது இன்று ருசுவாகிவிட்டது. மண் என்றால் ஆசனம். ஆசனம் யாருக்கு? உட்காருகிறவனுக்கு. நாம் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தே இருக்கிறோம். நிற்கிறவனுக்கும் குனிகிறவனுக்கும் சுமக்கிறவனுக்கும் மண்ணில் பாத்தியதை உண்டு என்று லத்தீன் பாஷையில் எங்கேயும் காணோம். இதை நான் சொல்லவில்லை. ரோமாபுரி சொல்லுகிறது."

கை தட்டல் வெகு நேரம் அடங்கவில்லை. சவுரிராயன் காலிக் கூடையோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தான். ரோமாபுரி என்ற பெயர் அவனுக்குத் தெரியும், மாதா கோயிலில் சாமியார் சொல்லுவார். அங்கிருந்தே தனக்கு எதிராக உத்தரவு வந்துவிட்டதாக நினைத்து அவனுக்கு வியர்த்துவிட்டது.

அதோடு தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தால், அனுமதி இல்லை என்றாவது தெரிந்திருக்கும். ஆனால் வக்கீல் பாண்டுரங்கனுக்கு அடுத்த வருஷம் தான் தலைவராக வேண்டும் என்று ஆசை. அவர் தனியாக அகராதியைப் புரட்டி, சாயில் என்ற சொல்லுக்கு அழுக்காக்குவது என்றும் ஒரு பொருள் இருக்கிறது, அது பன்றி புரளுகிற சேற்றுக் குட்டையிலிருந்து வந்தது, பன்றிக்கு லத்தீனில் சொல்லும் பெயரே அதன் வேர் என்று ஒரு கட்டுரை வாசித்துவிட்டார். அது வேறு சொல், இது வேறு சொல், இரண்டும் ஒரே உடுப்புப் போட்டிருக்கின்றன என்று நிபுணர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்? தன் நிலம் முழுவதும் பன்றியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டானே என்று ராவ் பகதூர் கொதித்தார். சங்கம் இரண்டாகப் பிளந்தது. ஆசனக் கட்சி ஒரு பக்கம், பன்றிக் கட்சி ஒரு பக்கம். தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆசனக் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பன்றிக் கட்சிக்காரர் கை நனைக்கவில்லை.

கடைசியில், விதிப்படி பொருளைக் கண்ணால் கண்டு முடிவு செய்வது என்று இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டன. பன்றி வேண்டும். சவுரிராயனுக்கு ஆள் வந்தது.

அவன் வீட்டில் பன்றி கிடையாது. சேரியில் இருக்கும் உனக்குப் பன்றி கிடைக்காதா என்று கேட்டார்கள். அலைந்து திரிந்து, ஒரு பன்றியை இரவல் வாங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். ரயிலடியில் ஆதிநாத நயினார் அதைப் பார்த்தார். செஞ்சிப் பக்கத்துச் சமணர், எறும்புக்கு வழி விட்டு நடக்கிறவர். பன்றியையும் சவுரிராயனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த இரண்டில் யாரை அதிகம் இம்சை பண்ணப் போகிறார்கள் என்று தெரியவில்லையே அப்பா, என்றார்.

சங்கக் கூடத்தின் கொல்லையில் மண்ணைப் பரப்பித் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி வைத்திருந்தார்கள். அதற்கும் தனியாக மண் வந்திருந்தது, சவுரிராயன் தலையில்தான். உறுப்பினர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பன்றியை அவிழ்த்துவிட்டார்கள். அது சேற்றை முகர்ந்து பார்த்தது, சுற்றி வந்தது, நடுவில் போய் உட்கார்ந்தது.

ஆசனக் கட்சியார் எழுந்து நின்று கை தட்டினார்கள். பன்றியே ஒப்புக்கொண்டுவிட்டது என்றார் ராவ் பகதூர். அவர் சொல்லி முடிப்பதற்குள் பன்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து புரள ஆரம்பித்தது. பன்றிக் கட்சியார் கை தட்டினார்கள். பிறகு அது எழுந்து உடம்பை ஒரு உலுப்பு உலுப்பியதில் இரண்டு கட்சிக்கும் சமமாகப் பங்கு கிடைத்தது. விஷயம் மகாசபைக்கு ஒத்தி வைக்கப்பட்டது. மகாசபை ஐப்பசிக் கடைசியில்.

சவுரிராயன் பன்றியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். லூர்துமேரி தட்டியின் கிழிசலுக்கு ஓலை செருகிக்கொண்டிருந்தாள். நடந்ததை அவன் சொன்னான். ஐப்பசிக் கடைசி என்று கேட்டதும் அவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அங்க குமிச்சிக் கெடக்கிற மண்ணுல நம்புளுக்கு ரெண்டு ஊடு கட்லாம். அம்மாத்தம் மண்ண நம்ப தலையிலியே சொமந்து அவுங்களுக்குக் குடுத்துட்டு, நம்ப ஊட்டுக்கு ஒரு கூடை இல்ல. மதலேன் புள்ளையும் போயிட்டா அப்புறம் இன்னாய்யா பண்ணுவ? அப்பவும் கூடையத் தூக்கிக்கினு போவியா?"

பெரியவர்கள் இத்தனை நாள் ஒரு காரியத்தை விசாரித்தால் அதில் ஏதாவது நல்லது இருக்கும் என்றே சவுரிராயன் நம்பி வந்திருந்தான். அன்று முதல் தடவையாக அவனுக்குச் சந்தேகம் வந்தது, அதோடு அழுகையும் வந்தது. பன்றியின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதான். லூர்துமேரி வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்.

புரட்டாசிக் கடைசியில் மதலேன் வந்து சேர்ந்தாள். வீட்டைப் பார்த்தாள். தட்டி இல்லாத மூலையில் பாயை விரித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் சொன்ன நாளுக்கு வந்தது. வருகிற மழைக்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. மகாசபை நாள் காலையில் தட்டி பிய்த்துக்கொண்டு போனது. உச்சிப் பொழுதில் கூரையின் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மதலேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நைனா, என்று தகப்பனைக் கூப்பிட்டாள்.

வண்டி கேட்டு ஓடி, ஒற்றை மாட்டு வண்டி ஒன்றைப் பிடித்து, கோணியை மேலே போர்த்தி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கடைத்தெருவைத் தாண்டியதும் ஓடைப் பாலத்தின் மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாடு நின்றுவிட்டது. எவ்வளவு அடித்தும் நகரவில்லை. மதலேன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். லூர்துமேரி சுற்றிலும் பார்த்தாள். வீடுகள் எல்லாம் கதவடைத்துக் கிடந்தன. திறந்திருந்த ஒரே கட்டடம் சங்கக் கூடம். உள்ளே மகாசபை நடந்துகொண்டிருந்தது.

"அங்க ஓட்டுய்யா" என்றாள்.

சவுரிராயன் தயங்கினான். பெரியவங்க கூடியிருக்காங்களே என்றான். லூர்துமேரி அவன் கையிலிருந்த மூக்கணாங்கயிற்றைப் பிடுங்கி, தானே மாட்டைத் திருப்பினாள்.

ராவ் பகதூர் சரிகைத் தலைப்பாகையோடு மேடையில் நின்று தீர்ப்பை வாசிக்கத் தொடங்கியிருந்தார். சாயில் என்ற சொல்லின் சகல கீர்த்திகளையும் சொல்லி, இனி அதன் அர்த்தம் இன்னது என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்து, சோடா குடிக்க நிறுத்தினார். அப்போதுதான் வாசலில் லூர்துமேரி, நனைந்து சொட்டச் சொட்ட மகளைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். காரியதரிசி எழுந்து, யார் உள்ளே விட்டது, விதி என்ன, வேளை என்ன என்று ஆரம்பித்தார்.

"எசமான், ஒதுங்குங்க. புள்ள வருது" என்றாள் லூர்துமேரி.

இந்தச் சங்கம் பிறந்த நாளிலிருந்து அதன் உறுப்பினர்கள் எந்த ஒரு விஷயத்திலும் ஒருமித்து நடந்ததில்லை. அன்று நடந்தார்கள். சேரிப் பெண், அதுவும் பேறு. தீட்டு என்று யாரோ ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான். ஆசனக் கட்சி ஆசனத்தை விட்டு எழுந்தது. பன்றிக் கட்சி முந்திக்கொண்டு வாசலைப் பிடித்தது. அங்கவஸ்திரம் நாற்காலியில் மாட்டிக்கொண்டவர்கள் அதை விட்டுவிட்டு ஓடினார்கள். நிபுணர் அகராதிகளைப் போட்டுவிட்டுப் போனார்.

கூடத்தின் பின்பக்கம் மண் ஆள் உயரத்துக்குக் குவிந்து நின்றது. லூர்துமேரி அதற்கு அந்தப்புறம் மகளைக் கொண்டுபோய், மேடை விரிப்பை உருவி வந்து படுக்க வைத்தாள். சாரல் ஒரு துளி அங்கே வரவில்லை. சவுரிராயன் இந்தப்புறம் நின்றுகொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் கலந்து சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தபோது பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. நல்ல சத்தம், தெரு வரைக்கும் போனது.

தெருவில், எதிர்ச் சாரிக் காப்பிக் கிளப்பின் தாழ்வாரத்தில் மகாசபை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. புரோகிதர் ஒருவரை அழைத்து வந்து யோசனை கேட்டார்கள். கூடத்துக்கு இனித் தை மாதத்தில்தான் புண்ணியாகவாசனம் செய்ய நாள் இருக்கிறது, அதுவரை நீங்கள் யாரும் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று அவர் சொன்னார். கல்லும் மரமும் கழுவினால் சுத்தமாகும், ஆனால் தீட்டுப் பட்ட அந்த மண் குவியல் எதனாலும் சுத்தமாகாது, அது ஒரு பிடிகூட உள்ளே இருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அதை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. உறுப்பினர்களின் ஆட்கள் யாரும் தொட மாட்டோம் என்றார்கள். ராவ் பகதூர் குடையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் பாதி தூரம் வந்து, அங்கேயே நின்று குரல் கொடுத்தார்.

"டேய் சவுரி, கேட்டுக்கோ. இது சங்கத்தின் தீர்மானம். நீ கொண்டுவந்த மண்ணை நீயே ஒரு துகள் விடாமல் வாரிக்கொண்டு போய்விட வேண்டும். எங்கே கொண்டுபோய்ப் போடுகிறாய் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இனி அது எங்கள் கண்ணில் படக் கூடாது."

சவுரிராயன் வாசல்படியில் நின்றான். அவனுக்கு எதையும் முழுதாகக் கேட்டு உறுதி செய்துகொள்கிற பழக்கம்.

"அப்ப சாயிலுக்கு அர்த்தம் இன்னாங்க ஆண்டே?"

"அதைப் பற்றி இப்போது பேசாதே" என்று சொல்லிவிட்டு ராவ் பகதூர் திரும்பி நடந்தார்.

மழைக்காலம் முழுவதும் சவுரிராயன் குடும்பம் சங்கக் கூடத்தில்தான் இருந்தது. விரட்ட வேண்டுமானால் உள்ளே வர வேண்டும், உள்ளே வந்தால் தீட்டு. ஆகையால் யாரும் வரவில்லை. மதலேனின் பிள்ளை, ஆண் பிள்ளை, இங்கிலீஷ் அகராதிகளை அடுக்கிக் கட்டிய தொட்டிலில் சளி பிடிக்காமல் வளர்ந்தது. மார்கழி முடிந்து வெயில் தலை காட்டியதும் சவுரிராயன் மண்ணை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனான். மதகுக் காவல்காரன் வழி மறித்தான். இது சங்கத்துத் தீர்மானம், ஒரு துகள் உட்டாலும் ராவ் பகதூர் உட மாட்டாரு, என்றான் சவுரிராயன். காவல்காரன் ஒதுங்கி வழி விட்டான்.

மேற்குச் சுவர் எழும்பியது. மண் மிச்சம் இருந்ததால் மற்ற மூன்று சுவர்களையும் தடித்து எழுப்பினார்கள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சங்கம் என்று ஒன்று இருந்தால் வருஷ அறிக்கை என்று ஒன்று இருக்கும் அல்லவா? அதில் சாயில் என்ற சொல்லின் அர்த்தம் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்குப் பதிலாக, சங்கம் இவ்வாண்டில் தன் ஆராய்ச்சியின் பலனைப் பாமரர்க்கும் பகிர்ந்தளிக்க எண்ணி, வீடற்ற ஏழைகளுக்குப் பிரசவ காலத்தில் இடம் கொடுத்து ஆதரித்ததுடன், வீடு கட்ட ஏராளமான மண்ணையும் தானமாக வழங்கியது என்று அச்சிட்டிருந்தார்கள். ராவ் பகதூர் பட்டத்துக்கு மேலே ஒரு படி இருக்கிறதாம், திவான் பகதூர் என்று. அறிக்கை மேலிடத்துக்குப் போனால் அது கிடைக்கும் என்று காரியதரிசியே யோசனை சொன்னாராம். தானம் வாங்கியவர்கள் நன்றி தெரிவித்து ஒப்பம் வைத்த காகிதம் ஒன்று மட்டும் தேவைப்பட்டது.

சங்கத்துச் சேவகன் அந்தக் காகிதத்தையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு சேரிக்கு வந்தான். லூர்துமேரி சுவருக்கு மேல் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சேறு. சவுரிராயன் வழக்கப்படி கட்டை விரலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அவள் அவனை ஒதுக்கிவிட்டு, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சேவகன் படித்துக் காட்டினான். இடம் கொடுத்தார்கள், மண் கொடுத்தார்கள், மகிமையான நன்றி என்று படித்தான்.

"எங்க காட்டு அத்த" என்றாள்.

சேவகன் பலகையில் வைத்துக் காகிதத்தை நீட்டினான். லூர்துமேரி சட்டியிலிருந்த சேற்றில் கையை முழுதாக முக்கி எடுத்து, எழுத்தின் மேலே ஓங்கி ஒரு அறை அறைந்தாள். ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே விழுந்தன. கீழே இருந்த வார்த்தைகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"எடுத்துக்கினு போ. போயி உங்க பெரியவங்ககிட்ட காட்டு."

சேவகன் காகிதத்தை மடிக்க முடியாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திண்டிவனத்துக்கு நடந்தான். அந்தச் சங்கத்தின் காகிதங்களில் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே அர்த்தம் கொடுத்தது அது ஒன்றுதான்.